இடம் ஒன்று, எண் இரண்டு

மலையக ரயில் பாதையில் ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப்பலகையும் ஊர்ப் பெயரோடு நின்றுவிடுவதில்லை. கொழும்பிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற விவரங்களையும் அது சொல்கிறது. நாவலப்பிட்டி ஏறக்குறைய 140 கிலோமீற்றர் தூரத்தில், 583 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனுக்கு இந்த எண்கள் 173, 1,262. நானுஓயாவுக்கு 207, 1,613. ஊர் ஒன்றுதான். தூரத்தைக் கேட்டால் ஓர் எண்ணும், உயரத்தைக் கேட்டால் வேறோர் எண்ணும் கிடைக்கின்றன.

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவர் பலர் தடுக்கி விழும் ஒரு படி உண்டு. பிரதியீட்டு முறையில் வரையறுத்த தொகையீட்டைச் செய்யும்போது எல்லைகளை மாற்ற வேண்டும் என்பதே அது. ‘யூ’ என்று புதிய மாறியை எடுத்து, சார்பை மாற்றி, ‘டீஎக்ஸ்’ஐ ‘டீயூ’ ஆக்கி, எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகு, பழைய எல்லைகளை அப்படியே விட்டுவிடுவார்கள். விடை பிழைக்கும். “எல்லையை மாற்ற மறக்காதே” என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதுவார். மாணவர் அதை இன்னொரு விதியாக மனப்பாடம் செய்வார்; பரீட்சை மண்டபத்தில் மறந்தும்போவார். இது மனப்பாடத்துக்குரிய விதியே அல்ல. எல்லை என்பது ஓர் இடம் என்றும், அதன் அருகில் எழுதும் எண் அந்த இடத்துக்கு ஒரு மாறி சூட்டிய பெயர் என்றும் ஒருமுறை பிடிபட்டுவிட்டால், மறக்க வழியில்லை. அதைக் காட்ட நம் மலை ரயிலை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கோப்பிக்காகத் தொடங்கிய பாதை

ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. பதுளையை அடைய 1924 ஆனது. மலைக்கு ரயில் வேண்டும் என்று முதலில் நெருக்கியவர்கள் கோப்பித் தோட்டக்காரர்கள். ஆனால் 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டே வந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, பாதை ஹட்டனைத் தொட்ட காலத்தில் மலையெங்கும் பரவத் தொடங்கியிருந்தது.

இந்த மலைப்பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 மீற்றர் ஓடினால் 1 மீற்றர் உயரும். எல்லா இடத்திலும் அதே ஏற்றம் இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா வரை 67 கிலோமீற்றரில் 1,030 மீற்றர் ஏறுகிறது. சராசரி 65க்கு 1. ஹட்டனைத் தாண்டிச் சுரங்கத்தைக் கடந்து கொட்டகலை வழியாகத் தலவாக்கலை வரும்போது பாதை இறங்கவும் செய்கிறது. தலவாக்கலை நிலையம் ஹட்டன் நிலையத்தைவிடச் சுமார் 60 மீற்றர் தாழ்வு. அதன் பிறகு வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் என்று மறுபடியும் ஏற்றம். ஒரு தாளில் கிடையாகத் தூரத்தையும் நிலைக்குத்தாக உயரத்தையும் குறித்து வரைந்தால், ஏறி, சற்று இறங்கி, மீண்டும் ஏறும் ஒரு வளைகோடு கிடைக்கும். கணித மொழியில் அது ஒரு சார்பு: தூரத்தைக் கொடுத்தால் உயரத்தைச் சொல்லும்.

காற்று எவ்வளவு இலேசாகிறது?

இந்தப் பயணத்தில் காது அடைப்பதும், கடலோரத்தில் வாங்கிய பிஸ்கட் பொட்டலம் உப்பிக்கொள்வதும் பலர் கண்ட அனுபவம். மேலே ஏற ஏற, நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் பாரம் குறைகிறது. இதை முதன்முதலில் மலையேறிச் சோதித்தவர்கள் பிரான்சில் இருந்தார்கள். பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டதன் பேரில் அவருடைய மைத்துனர் ஃபுளோரின் பெரியே 1648 செப்டெம்பர் 19ஆம் திகதி, பூய் தெ தோம் என்ற மலையின் உச்சிக்குப் பாதரசக் குழாயோடு ஏறினார். அடிவாரத்தில் இன்னொரு குழாயை ஒருவர் காவல் இருந்து பார்த்துக்கொண்டார். அடிவாரக் குழாயில் பாதரசம் அசையவில்லை. உச்சியில் இருந்த குழாயில் தெளிவாக இறங்கியிருந்தது.

நமது கேள்வி இது: நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா போய்ச் சேர்வதற்குள் காற்றமுக்கம் மொத்தம் எவ்வளவு குறைகிறது?

ஒரே பெருக்கலில் இதை முடிக்க முடியாது. உயரே போகப் போகக் காற்று அடர்த்தி குறைந்துகொண்டே வருவதால், ஒரு மீற்றர் ஏறினால் குறையும் அமுக்கமும் இடத்துக்கு இடம் வேறுபடும். காற்றின் வெப்பநிலை எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்று வைத்துக்கொள்ளும் எளிய கணிப்பின்படி, கடல் மட்டத்தில் 1,013 மில்லிபாராக இருக்கும் அமுக்கம் அடுக்குக்குறிச் சார்பாகத் தேய்கிறது. 8,500 மீற்றருக்கு ஒருமுறை அது ஏறக்குறைய 2.72இல் ஒரு பங்காகும். இதன்படி நாவலப்பிட்டி உயரத்தில் ஒரு மீற்றருக்கு 0.111 மில்லிபார் குறைகிறது. நானுஓயா உயரத்தில் 0.099 மில்லிபார்தான்.

வீதம் மாறிக்கொண்டே இருக்கும்போது மொத்தத்தைக் காணும் கருவிதான் தொகையீடு. பயணத்தை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நேரும் குறைவைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்டுவது. எங்கிருந்து எது வரை கூட்டுகிறோம் என்பதைச் சொல்பவை எல்லைகள். இங்கே கீழ் எல்லை நாவலப்பிட்டி. மேல் எல்லை நானுஓயா.

துண்டுகளை எப்படி வெட்டுவது? தண்டவாளத்தின் வழியே, தூரத்தை வைத்து வெட்டலாம். அப்போது 140இல் தொடங்கி 207 வரை கூட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று எண்களைப் பெருக்க வேண்டியிருக்கும்: அந்த உயரத்தில் மீற்றருக்கு எவ்வளவு அமுக்கம் குறைகிறது என்பது, அந்த இடத்தில் பாதையின் சாய்வு, துண்டின் நீளம். சாய்வோ ஒவ்வொரு வளைவிலும் மாறுகிறது. நிலஅளவைப் புத்தகம் முழுவதும் கையில் இருந்தாலொழிய இந்தக் கணக்கைச் செய்ய முடியாது.

பிரதியீடு இங்கேதான் கைகொடுக்கிறது. சாய்வையும் துண்டின் நீளத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்ன? அந்தத் துண்டில் ரயில் ஏறிய உயரம். மூன்றில் இரண்டு எண்கள் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. இப்போது மீற்றருக்கான குறைவை உயரத்தின் சிறு துண்டால் பெருக்கிக் கூட்டினால் போதும். தண்டவாளம் எங்கே வளைந்தது, எங்கே நெளிந்தது என்ற விவரம் எதுவும் தேவையில்லை.

ஆனால் உயரத்தை வைத்து வெட்டத் தொடங்கிய கணத்திலேயே, கூட்டலைத் தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் உயரத்தால்தான் சொல்ல வேண்டும். நாவலப்பிட்டி இப்போது 583; நானுஓயா 1,613. தொகையீட்டைச் செய்தால், நாவலப்பிட்டியில் 946 மில்லிபார், நானுஓயாவில் 838 மில்லிபார், வித்தியாசம் 108 மில்லிபார் என்று வருகிறது. இன்னும் 255 மீற்றர் ஏறி 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியா நகருக்குப் போனால் இதே சூத்திரம் 813 மில்லிபார் என்கிறது. அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் அன்றி ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும்.

பழைய எல்லையை விட்டுவைத்தால்

எல்லைகளை மாற்ற மறந்த மாணவரின் தாளை இப்போது பார்ப்போம். சார்பை உயரத்துக்கு மாற்றிவிட்டார். துண்டையும் உயரத்துக்கு மாற்றிவிட்டார். ஆனால் எல்லைகளில் 140, 207 என்ற எண்கள் அப்படியே நிற்கின்றன. கணக்கு எந்த முனகலும் இல்லாமல் ஓடி முடியும். விடை 8 மில்லிபாருக்குச் சற்றுக் குறைவு.

108 எங்கே, 8 எங்கே! இந்த 8 வெறும் தவறான எண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கும் ஒரு பொருள் உண்டு. 140 மீற்றர் உயரத்திலிருந்து 207 மீற்றர் உயரத்துக்கு ஏறினால் அமுக்கம் எவ்வளவு குறையும் என்ற வேறொரு கேள்விக்கு அது சரியான பதில். ரயில் அந்த உயரங்களைக் கடப்பது றம்புக்கனையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும் பகுதியில். நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயாவுக்குச் சீட்டு எடுத்தவரைக் கணக்கு கேகாலை மாவட்டத்தில் இறக்கிவிட்டது. மடுவத்தில் கொழுந்தை றாத்தலில் நிறுத்துவிட்டு அதே எண்ணைக் கிலோ என்று கொப்பியில் பதிவது போன்ற பிழை இது: எண் மாறவில்லை, அதனால்தான் அளவு மாறிப்போயிற்று.

எல்லை மாற்றம் என்பது கணக்கின் கடைசியில் சேர்க்கும் திருத்தம் அன்று என்பது இதிலிருந்து தெரியும். அது மாறியை மாற்றியதன் ஒரு பகுதி. பிரதியீட்டில் மாற வேண்டியவை மூன்று: தொகையிடப்படும் சார்பு, சிறு துண்டு, எல்லைகள். இந்த மூன்றும் ஒரே மாறியில் பேச வேண்டும்.

இது ஏன் செல்லுபடியாகிறது?

இதன் நிறுவல் சங்கிலி விதியிலிருந்து நேராக வருகிறது. ஓர் இடத்தின் காற்றமுக்கம் அதன் உயரத்தைப் பொறுத்தது. உயரமோ தண்டவாளத்தில் நாம் இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. ஆகவே தூரத்தோடு அமுக்கம் மாறும் வீதம், உயரத்தோடு அமுக்கம் மாறும் வீதத்தைத் தூரத்தோடு உயரம் மாறும் வீதத்தால் பெருக்கியது. சங்கிலி விதி சொல்வது இவ்வளவுதான். அந்த வீதத்தை 140இலிருந்து 207 வரை தொகையிட்டால், தொகையீட்டின் அடிப்படைத் தேற்றப்படி கிடைப்பது ‘நானுஓயாவில் உள்ள அமுக்கம் கழித்தல் நாவலப்பிட்டியில் உள்ள அமுக்கம்’. உயரத்தை வைத்து 583இலிருந்து 1,613 வரை தொகையிட்டாலும் அதே இரண்டு அமுக்கங்களின் வித்தியாசம்தான் கிடைக்கும். இரண்டு வழிகளும் முடியும் இடம் ஒன்றே. பாதையின் உயரச் சார்புக்குத் தொடர்ச்சியான பெறுதி இருப்பதும், தொகையிடப்படும் சார்பு தொடர்ச்சியாக இருப்பதும் போதுமானவை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் பாதை இறங்குகிறதே, அது கணக்கைக் கெடுக்காதா? கெடுக்காது. இறங்கும் துண்டுகளில் சாய்வு மறை எண். அங்கே அமுக்கம் கூடுகிறது. பின்னர் அதே உயரங்களைத் திரும்ப ஏறும்போது கூடிய அளவே குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, எஞ்சுவது தொடக்கமும் முடிவும் மட்டும். சார்பு ஏறிக்கொண்டே இருந்தால்தான் எல்லைகளை மாற்றலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. தொகையிடப்படுவது முழுவதும் ‘உயரத்தின் சார்பு பெருக்கல் சாய்வு’ என்ற வடிவில் இருக்குமானால் அந்த நிபந்தனை தேவையில்லை.

புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலையும் இதே வகை. ஒரு தொன் தேயிலையை நாவலப்பிட்டி உயரத்திலிருந்து நானுஓயா உயரத்துக்குத் தூக்க, வளைவுகள் எத்தனை இருந்தாலும், 1,030 மீற்றர் உயர்வுக்கான வேலைதான். அது ஏறக்குறைய 2.8 கிலோவாற்று மணி. மின்கட்டணப் பட்டியலில் மூன்று அலகுகூட இல்லை. எல்லைகளைச் சரியாகப் பிடித்தால், இவ்வளவு சிக்கலான பாதையிலும் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

பாடநூல் கணக்கு ஒன்று

இனி வகுப்பறைக்கு வருவோம். எக்ஸ் 0இலிருந்து 2 வரை, 2எக்ஸ் பெருக்கல் (எக்ஸ்² + 1)³ என்பதைத் தொகையிட வேண்டும். அடைப்புக்குள் இருப்பதை யூ என்று எடுப்போம். யூவை வகையிட்டால் 2எக்ஸ் வருகிறது. ஆகவே 2எக்ஸ் டீஎக்ஸ் என்ற பகுதி முழுவதும் டீயூ ஆகிறது. எஞ்சுவது யூ³.

அடுத்ததாகப் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டும். எக்ஸ் 0 ஆக இருக்கும் இடத்தில் யூ என்ன? 0² + 1, அதாவது 1. எக்ஸ் 2 ஆக இருக்கும் இடத்தில்? 2² + 1, அதாவது 5. எனவே யூ³ஐ 1இலிருந்து 5 வரை தொகையிட வேண்டும். யூவின் நான்காம் அடுக்கை 4ஆல் வகுத்து இரண்டு முனைகளையும் போட்டால், 625இலிருந்து 1ஐக் கழித்து 4ஆல் வகுத்தது: 156. எல்லைகளை 0, 2 என்றே விட்டிருந்தால் 16ஐ 4ஆல் வகுத்து 4 என்று வந்திருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. எல்லைகளை இப்போதைக்கு எழுதாமல் வைத்து, யூவில் தொகையிட்டு முடித்த பின், யூ இருக்கும் இடத்தில் எக்ஸ்² + 1ஐத் திரும்ப வைத்து, பிறகு 0ஐயும் 2ஐயும் போடலாம். அப்போதும் 156தான். இரண்டில் எதையும் பின்பற்றலாம்; இரண்டையும் கலக்கக்கூடாது. இரண்டாம் வழியில் போகிறவர்கள் நடுவரிகளில் யூவின் தொகையீட்டுக்கு மேலும் கீழும் 0, 2 என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. இறுதி விடை சரியாக வந்தாலும் அந்த வரி பொய். யூ ஒருபோதும் 0 ஆக முடியாது. ஒரு வர்க்கத்தோடு 1ஐக் கூட்டியது அது.

பிரதியீடு எதிர்த்திசையில் வரும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 1 கழித்தல் எக்ஸ்² என்பதன் வர்க்கமூலத்தை 0இலிருந்து 1 வரை தொகையிட, எக்ஸுக்குப் பதிலாக சைன் தீற்றா என்று போடுகிறோம். சைன் தீற்றா 0 ஆகும் கோணம் 0. 1 ஆகும் கோணம் செங்கோணம். அதை 90 என்று எழுதிவிட்டால் விடை 45 என்று வரும். ஆரையனில், அதாவது பையில் பாதி என்று எழுதினால், விடை பையில் கால் பங்கு, ஏறக்குறைய 0.785. எது சரி என்பதை வரைபைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாம் கண்டது 1 அலகு ஆரையுள்ள வட்டத்தின் கால் பகுதி. அது 1 அலகுச் சதுரத்துக்குள் அடங்கி நிற்கிறது. அதன் பரப்பு 45 ஆக வழியே இல்லை.

இறங்கும் ரயில்

நானுஓயாவிலிருந்து நாவலப்பிட்டிக்குத் திரும்பும் பயணத்தில் கீழ் எல்லை 1,613. மேல் எல்லை 583. பெரிய எண் கீழேயும் சிறிய எண் மேலேயும் வருவதைக் கண்டதும் மாணவர் சிலர் பதறிப்போய் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிடுவார்கள். இடம் மாற்றினால் குறியும் மாற வேண்டும்; அது மறந்துபோகும். ‘கீழ் எல்லை’ என்பது தொடங்கும் இடம், ‘மேல் எல்லை’ என்பது முடியும் இடம். எது சிறியது, எது பெரியது என்பதற்கும் அந்தப் பெயர்களுக்கும் தொடர்பில்லை. 1,613இலிருந்து 583 வரை அப்படியே தொகையிட்டால் குறைவு ‘மறை 108’ என்று வரும். குறைவு மறையாக இருப்பதன் பொருள், அமுக்கம் 108 மில்லிபார் கூடுகிறது என்பது. இறங்குகிறவரின் காது சொல்வதும் அதுவே.

1 கழித்தல் எக்ஸ் என்பதை யூ என்று எடுக்கும் கணக்குகளில் இது அடிக்கடி வரும். எக்ஸ் 0இலிருந்து 1 வரை போனால் யூ 1இலிருந்து 0 வரை போகும். டீஎக்ஸ் என்பதோ மறை டீயூ. அந்த மறைக்குறியைச் செலவழித்து எல்லைகளை நேராக்கிக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்வதைத் தனி வரியாக எழுதிச் செய்வது நல்லது.

இரண்டு எல்லையும் ஒரே எண்ணானால்

நானுஓயாவைத் தாண்டி அம்பேவளை, பட்டிப்பொல என்று ரயில் ஏறிக்கொண்டே போகும். பட்டிப்பொலதான் இந்தப் பாதையில் மிக உயரமான நிலையம். அதற்கும் ஒஹியவுக்கும் இடையில் 1,898 மீற்றர் உயரத்தில் பாதையின் உச்சி. அங்கிருந்து ஊவாப் பக்கம் இறக்கம். அந்தப் பக்கத்தில் வரும் இதல்கஸ்ஹின்ன நிலையத்தின் உயரம் 1,615 மீற்றர். நானுஓயாவின் 1,613க்கும் அதற்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையில் காற்றமுக்க வித்தியாசம் எவ்வளவு? ஏறக்குறைய பூச்சியம். உயரத்தின் எல்லைகள் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் தொகையீடு பூச்சியம், அது உண்மையும்கூட. சரி, ரயில் மொத்தம் எவ்வளவு ஏறி இறங்கியது? இதற்கும் எல்லைகள் ஒன்றுதானே என்று பூச்சியத்தை எழுதினால் அது பெரும் பிழை. உச்சிக்குக் குறைந்தது 285 மீற்றர் ஏறியது. மறுபக்கம் 283 மீற்றர் இறங்கியது. ஏறும்போது எஞ்சின் செலவழித்த டீசல் இறங்கும்போது திரும்பி வருவதில்லை. இறக்கத்தில் கிடைக்கும் சக்தி பிரேக்கில் வெப்பமாகப் போய்விடுகிறது.

முதல் கேள்விக்குச் சரியான முறை இரண்டாவதில் ஏன் ஏமாற்றுகிறது? “ரயில் இப்போது 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், காற்றமுக்கத்தைச் சொல்ல அது போதும். ஆனால் எஞ்சின் இழுக்கிறதா, பிரேக் பிடித்திருக்கிறதா என்று சொல்லப் போதாது. உச்சிக்கு இந்தப் பக்கமும் 1,700 உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. உயரம் என்ற ஒரே எண்ணால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே பயணத்தை உச்சியில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி எல்லைகள் போட வேண்டும்.

வகுப்பறையில் இதே பொறி இப்படி வரும். எக்ஸ்²ஐ மறை 1இலிருந்து 1 வரை தொகையிடச் சொல்கிறார்கள். எக்ஸ்²ஐ யூ என்று எடுத்தால் இரண்டு எல்லையும் 1. உடனே பூச்சியம் என்று எழுதத் தோன்றும். ஆனால் எக்ஸ்² எங்கும் மறையாவதில்லை. வளைகோட்டின் கீழ் பரப்பு கண்ணெதிரே இருக்கிறது. சரியான விடை மூன்றில் இரண்டு. தவறு எங்கே என்றால், டீஎக்ஸை டீயூவாக மாற்றும்போது எக்ஸை யூவின் வர்க்கமூலம் என்று எழுதிவிடுகிறோம். பூச்சியத்துக்கு இடப்பக்கம் அது மறை வர்க்கமூலம். யூ 0 ஆகும் இடத்தில் வளைகோடு திரும்புகிறது. அங்கே வெட்டி இரு பகுதியாகச் செய்தால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்று தரும். புதிய எல்லைகள் இரண்டும் ஒன்றாக வந்தால், பேனையை வைத்துவிட்டு, இடையில் திரும்பும் புள்ளி ஏதும் உண்டா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

சரிவும் வரைபடமும்

எல்லையை மட்டும் மாற்றிவிட்டுச் சிறு துண்டை மாற்ற மறப்பவர்களும் உண்டு. அதற்குத் தேயிலை மலையே உதாரணம். நிலஅளவையாளரின் வரைபடம் காட்டுவது கிடைத்தூரம். கொழுந்து எடுக்கிறவர் நடப்பதோ சரிவில். 30 பாகைச் சரிவில் 100 மீற்றர் ஏறினால் வரைபடத்தில் அது 86.6 மீற்றர்தான். வரைபடத்தில் ஒரு ஹெக்டேர் என்று இருப்பது அந்தச் சரிவில் ஏறக்குறைய 1.15 ஹெக்டேர் நிலம்.

சரிவின் மேல் 1.2 மீற்றருக்கு ஒரு நிரை என்று வைத்துக்கொள்வோம். 100 மீற்றரில் 83 நிரைகள். அதையே வரைபடத்திலிருந்து கணக்கிட்டால், எல்லை 86.6 ஆக வேண்டும். அத்தோடு கிடைத்தூரத்தின் ஒவ்வொரு மீற்றரும் சரிவில் 1.155 மீற்றர் என்பதால் அந்தக் காரணியால் பெருக்கவும் வேண்டும். இரண்டையும் செய்தால் 83 வரும். எல்லையை மாற்றிக் காரணியை மறந்தால் 72. காரணியைப் போட்டு எல்லையை 100 என்றே விட்டால் 96. ஒன்றில் நிரைகள் காணாமல் போகின்றன. மற்றதில் இல்லாத நிரைகள் முளைக்கின்றன. மாறி மாறினால் அளவுகோல் நீளும் அல்லது சுருங்கும் என்பதைத் துண்டின் காரணி கவனித்துக்கொள்கிறது. எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை எல்லை கவனித்துக்கொள்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

எழுதும் பழக்கம்

தொகையீட்டுக்கு நீண்ட எஸ் வடிவக் குறியை 1675இல் எழுதத் தொடங்கியவர் லைப்னிட்ஸ். ஆனால் அந்தக் குறியின் அடியிலும் தலையிலும் எல்லைகளை எழுதும் வழக்கம் பரவியது வெப்பம் பற்றி ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலின் மூலம். அதற்கு முன் எல்லைகளைச் சொற்களில் விளக்கி எழுதினார்கள்: இன்ன மாறி இன்ன மதிப்பிலிருந்து இன்ன மதிப்பு வரை என்று. ஃபூரியேயின் குறியீடு கணிதத்தை வேகப்படுத்தியது. ஆனால் சொற்களில் எழுதியபோது கூடவே இருந்த மாறியின் பெயர் இதில் விடுபட்டுப்போயிற்று. எண் மட்டும் தனியே நிற்கிறது. மாணவர் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் கற்கும் காலத்திலாவது எல்லைகளின் அருகில் மாறியின் பெயரையும் எழுதுவது நல்லது: கீழே ‘எக்ஸ் = 0’, மேலே ‘எக்ஸ் = 2’. மாறி மாறியதும் ‘யூ = 1’, ‘யூ = 5’. இப்படி எழுதுகிறவர் டீயூ என்று முடியும் தொகையீட்டுக்குக் கீழே ‘எக்ஸ் = 0’ என்று இருப்பதைக் கண்டால் தானாகவே நின்றுவிடுவார். பிரதியீட்டை எழுதிய அடுத்த வரியிலேயே, தொகையிடத் தொடங்கும் முன், எல்லைகளுக்கு ஒரு சிறு அட்டவணை போட்டுவிடலாம். முடிந்த பிறகு பருமட்டாக ஒரு சோதனையும் செய்யலாம். நமது ரயில் கணக்கில் மீற்றருக்கு ஏறக்குறைய 0.1 மில்லிபார், ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீற்றர். ஆகவே விடை 100க்கு அருகில் இருக்க வேண்டும். 8 என்று வந்தால் பிழை உடனே கண்ணில் படும்.

மலையகத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் சொற்பம். கணித ஆசிரியர் பற்றாக்குறையோ நீண்ட காலக் குறை. இந்த நிலையில், இருக்கும் கொஞ்ச நேரத்தில் விதிகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் மட்டும் கற்பித்து முடிக்கும் நெருக்கடி ஆசிரியர்களுக்கு இருப்பது புரிகிறது. ஆனாலும் ஹட்டனிலோ கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ படிக்கும் பிள்ளைக்குத் தொகையீட்டை விளங்கவைக்கத் தேவையானவை வகுப்பறைக்கு வெளியிலேயே இருக்கின்றன: மாறிக்கொண்டே இருக்கும் சாய்வு, திரும்பும் புள்ளியோடு கூடிய பாதை, வரைபடத்தில் சுருங்கும் சரிவு. சமதரையில் வளரும் பிள்ளை கற்பனை செய்து பார்க்க வேண்டியதை இந்தப் பிள்ளை தினமும் ஏறி இறங்குகிறது. அந்த அனுபவத்தைக் கணிதமாக மாற்றிக் கொடுப்பது ஆசிரியருக்குக் கூடுதல் சுமையாகாது; விதியைப் பத்துமுறை சொல்லும் நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

முதல் பயிற்சியாக இதைக் கொடுக்கலாம். நானுஓயா 1,613 மீற்றர், பாதையின் உச்சி 1,898 மீற்றர். இவற்றுக்கிடையில் காற்றமுக்கம் எவ்வளவு குறைகிறது? தூரத்தில் தொடங்கி, உயரத்தைப் பிரதியிட்டு, எல்லைகளை மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். 28 மில்லிபாருக்கு அருகில் விடை வரும். பிறகு அதே ரயிலை இதல்கஸ்ஹின்ன வரை ஓட்டி, எந்தக் கேள்விக்குப் பூச்சியம் சரி, எந்தக் கேள்விக்குத் தவறு என்று வகுப்பை விவாதிக்க விடுங்கள். அந்த விவாதத்தில் வென்ற மாணவருக்கு “எல்லையை மாற்ற மறக்காதே” என்று சிவப்பு மையில் எழுத வேண்டிய தேவை ஆசிரியருக்கு இருக்காது.